மருமகள் திறந்த லேப்டாப்

அந்த வீட்டுக்குள் வந்த எந்தப் புதுப் பொருளும் முழுதாக வெளிக்காற்று வாங்கியதில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் கடைக்காரர் ஒட்டி அனுப்பிய நீலப் பிளாஸ்டிக் தாள் ஓரமெல்லாம் சுருண்டு, அழுக்கேறி, இன்னமும் அங்கேயே இருந்தது. டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் சட்டை. சோபாவுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதன்மேல் ஒரு விரிப்பு. கூடத்துச் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் இருந்த படலத்தைக்கூட யாரும் உரிக்கவில்லை. மணி பார்க்க வேண்டுமென்றால் கிட்டே போய் முகத்தை நீட்ட வேண்டும். "இருக்கட்டும், புதுசு கெட்டுடும்" என்பது மாமியாரின் வாக்கு. அவர் பெற்ற பிள்ளைகள் இரண்டும் அந்த வாக்கைப் பாலோடு சேர்த்துக் குடித்து வளர்ந்தவர்கள்.

இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது மருமகள் தன்னோடு ஒரு லேப்டாப்பும் கொண்டுவந்தாள். அவள் வீடுகளுக்கு பிளான் வரைகிறவள். கட்டட நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து, தன் சம்பளத்தில் ஆசை ஆசையாக வாங்கியது அது. மாமியார் அதைக் கண்டதும் செய்த முதல் காரியம், சிவப்பு வெல்வெட்டில் அதற்கு ஒரு போர்வை தைத்ததுதான். ஓரத்தில் ஜரிகை வேறு. மருமகள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்புவதற்குள் லேப்டாப் போர்த்தப்பட்டிருக்கும், உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. "தூசி படக் கூடாதும்மா" என்பார். அன்பான மனுஷிதான். அந்த அன்பு கொஞ்சம் கனமான துணியில் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு பெண் குழந்தை பிறந்தது. வேலை போயிற்று. போயிற்று என்ன, அவளேதான் விட்டாள், விட வேண்டியிருந்தது. லேப்டாப் குழந்தைக்குப் பாட்டுப் போடவும், கணவன் சீட்டாடவும், கரண்ட் பில் கட்டவும் ஆயிற்று.

இப்போது குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள். ஓர் இன்ஜினியரம்மா நடத்தும் அலுவலகத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, மருமகள் தன் பழைய வரைபடங்களைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாள். இன்ஜினியரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கு. ஆனா எல்லாம் பழசு. நடுவுல இத்தனை வருஷம் தொடவே இல்லையே?"

மருமகள் வரைபடங்களை மறுபடி அடுக்கத் தொடங்கினாள்.

"ஒண்ணு பண்ணுவோம். ஒரு பல் டாக்டர் தம்பதி வீடு கட்டறாங்க. பிளானை அனுப்பறேன். வீட்டுக்குள்ள நடந்து பாக்கற மாதிரி மாடல் போட்டு, திங்கட்கிழமை அவங்க முன்னாடி ஓட்டிக் காட்டுங்க. உங்க லேப்டாப்லயே. அவங்க கேக்கற மாத்தத்தை அங்கேயே பண்ணிக் காட்டணும். சரியா வந்தா வேலை உங்களுக்கு. வரலைன்னா வேற ஒரு பையனைப் பாத்து வச்சிருக்கேன், அவன் காத்துட்டு இருக்கான்."

அந்த முகம் தெரியாத பையன்மேல் மருமகளுக்கு அப்போதே ஒரு கோபம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பிளானைத் திறந்தாள். லேப்டாப் மாவு மில் மாதிரி இரைந்தது. ஒரு சுவரை நகர்த்தினால், அது நகர்வதற்குள் துணி காயப்போட்டுவிட்டு வந்துவிடலாம். எப்படியோ தத்தித் தத்தி மாடலை முடித்தாள். முடித்ததை ஓட்டிப் பார்த்தால், அரை மணி நேரத்தில் அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் கொதித்து, தானாகவே அணைந்துபோயிற்று. மறுபடி போட்டாலும் அதே கதை. திங்கட்கிழமை பல் டாக்டர்கள் முன்னால் இது இப்படிப் படுத்துவிட்டால் என்ன ஆகும்?

புதுசு வாங்கிவிடலாமே என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வாங்கித் தருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் விஷயத்தில் அந்தக் குடும்பத்தின் உச்ச நீதிமன்றம் கொழுந்தன்தான். பிரிண்டருக்கு மை விற்கிறவன். அந்தத் தகுதியில் இருபது வீடுகளுக்கு இலவச ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தான். வந்தான், லேப்டாப்பை இரண்டு தட்டுத் தட்டினான், உதட்டைப் பிதுக்கினான்.

"தூக்கிப் போட்டுடுங்க அண்ணி. வயசாயிடுச்சு. இனிமே இது பாட்டுக் கேக்கத்தான் லாயக்கு."

சொன்னது லேப்டாப்பைத்தான். ஆனாலும் மருமகளுக்குச் சுருக்கென்றது. இதே சொல்லை இன்ஜினியரம்மா வேறு மாதிரி, நாகரிகமாகச் சொல்லியிருந்தார்.

"நான் பிரிச்சுப் பாக்கறேன் தம்பி," என்றாள்.

"நீங்களா?" என்றான். கேள்வியைவிட அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பிவிட்டது.

அந்த மாடலைப் பிரிக்கும் முறையைக் கம்பெனியே வெளியிட்டிருந்தது. அவள் தேடி எடுத்து, வீட்டு பிளானைப் படிப்பதுபோல வரி விடாமல் படித்தாள். எந்த ரேம் மெமரி பொருந்தும், வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி செருக உள்ளே காலி இடம் இருக்கிறதா, எந்த ஃபேன் அதற்குச் சேரும் என்று பார்த்து ஆர்டர் போட்டாள். சாமான்கள் சனிக்கிழமை வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து, லேப்டாப்பைக் கவிழ்த்துப் படுக்க வைத்தாள்.

பிளான் போடுகிறவள் எப்படிப் பிரிப்பாள்? ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை அளவெடுத்து வரைந்தாள். ஒவ்வொரு திருகாணியும் கழன்று வர வர, அதை அதனதன் இடத்தில் தாளோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டினாள். மாமியார் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிறவர் முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூட வருமாம்மா உனக்கு?"

"திறக்க வந்தா மூட வரும் அத்தை."

மூடி கழன்றது. ஃபேனைக் கழற்றி எடுத்தபோது மருமகள் ஒரு கணம் திகைத்துப்போனாள். காற்று வெளியே போக வேண்டிய வாயில் செக்கச்செவேலென்று ஒரு பஞ்சுப் பட்டை அடைத்துக்கொண்டிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தாள். சுருட்டி வைத்த கம்பளம் மாதிரி முழுசாக வந்தது.

மாமியார் எழுந்து வந்து பார்த்தார். "கம்ப்யூட்டருக்குள்ள இவ்வளவு சிவப்பா இருக்கே, ரத்தக்குழாய் மாதிரி எதாவதா?"

"உங்க வெல்வெட்டு அத்தை. இத்தனை வருஷம் இதையேதான் மூச்சா இழுத்துட்டு இருந்திருக்கு."

மாமியார் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். முகம் கொஞ்சம் வாடியது. பிறகு மெதுவாக, "நல்ல துணிதான். சாயம்கூடப் போகலை பாரு," என்றார்.

மருமகள் சிரித்துவிட்டாள். மனம் லேசாயிற்று. அதற்குப் பிறகு கை தானாக ஓடியது. பழைய ரேமை எடுத்துவிட்டுப் புதியதைச் சாய்த்துச் செருகி அழுத்தினாள், டக்கென்று பிடித்துக்கொண்டது. நாக்கு நீள எஸ்எஸ்டியை அதன் பள்ளத்தில் படுக்க வைத்தாள். வருஷக்கணக்காக யாரும் தட்டுப் போட்டுப் பார்க்காத டிவிடி பெட்டியை உருவி எறிந்து, அந்த இடத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கைக் குடியேற்றினாள். லேப்டாப் கட்டுகிறவர்களுக்கு வீடு கட்டுகிறவர்களைவிடச் சாமர்த்தியம் அதிகம் என்று பட்டது. உள்ளங்கை அகலத்தில் இத்தனை அறை வைத்து, ஒன்றின் கதவு இன்னொன்றில் இடிக்காமல் கட்டியிருக்கிறார்களே.

கடைசியாகப் புது ஃபேன். அதோடு ஒட்டியே வந்த தாமிரக் குழாய் பளபளவென்று இருந்தது. குழாயின் முனையில் ஒரு தாமிரத் தகடு. அந்தத் தகடு கொதிக்கிற சிப்பின்மேல் உட்கார்ந்து சூட்டை உறிஞ்சிக் குழாய்க்குக் கொடுக்க வேண்டும், ஃபேன் அதை வெளியே ஊதித் தள்ள வேண்டும். சிப்பின்மேல் பற்பசை மாதிரி இருந்த, சூட்டைக் கடத்தும் சாம்பல் நிறப் பேஸ்டை ஒரு பொட்டு வைத்தாள். சரியாக அந்த நேரத்தில் குளியலறையிலிருந்து மகளின் குரல் வீட்டைத் தூக்கியது.

"அம்மா! கண்ணுல சோப்பு!"

கணவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். மருந்துக்கடை வைத்திருப்பவன், பொறுமையான கை. "என்னங்க, இதை நேரா உட்கார வச்சு இந்த நாலு திருகாணியையும் முடுக்கிடுங்க. வேற எதையும் தொடாதீங்க," என்று கொடுத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்து பார்த்தால் வேலை கச்சிதமாக முடிந்திருந்தது. நாலு திருகாணியும் ஒரே அழுத்தம். கணவன், பிள்ளை பெற்றவன் மாதிரி பெருமையாக நின்றான்.

பவர் பட்டனை அழுத்தினார்கள். திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு வெளிச்சம் வந்தது. மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார்.

சாஃப்ட்வேர்களை எல்லாம் ஏற்றியதும், மருமகள் தனக்கே தனக்கென்று ஒரு வேலை செய்தாள். கீபோர்டின் மேல்வரிசையில் யாரும் தொடாத விசைகளைத் தன் வேலைக்குத் திருப்பினாள். சுவருக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று, வெயில் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று காட்ட ஒன்று. சின்னச் சின்ன ஸ்டிக்கரில் செங்கல், ஜன்னல், சூரியன் என்று படம் வரைந்து ஒட்டினாள். அவளுடைய சொந்தப் பட்டறை போல ஆயிற்று அது. பல் டாக்டர்களின் வீட்டைத் திறந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் நடந்தாள், சமையலறைக்குப் போனாள். மாடிப்படியில் கால் வைத்தாள்.

திரை அணைந்தது.

மறுபடி போட்டாள். இந்த முறை கூடம் வரைதான் போக முடிந்தது. அதற்கு அடுத்த முறை வாசலிலேயே நின்றுவிட்டது. முன்பு அரை மணி நேரமாவது தாங்கியது, இப்போது மூன்று நிமிடம்கூட இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த கொழுந்தன் விஷயத்தைக் கேட்டுச் செருப்பைக்கூட முழுதாகக் கழற்றவில்லை.

"மதர்போர்டு போச்சு. நான் அப்பவே சொன்னேன் அண்ணி."

இந்த 'அப்பவே சொன்னேன்' என்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தால் பாதிக் குடும்பங்கள் நிம்மதியாக இருக்கும். அவன் கெட்டவன் இல்லை. "என் ஆபீஸ் லேப்டாப்பைத் தரேன் வேணும்னா. ஆனா அதுல விலைப்பட்டியல் தவிர வேற எதுவும் ஏத்த விடமாட்டாங்க," என்று உதவவும் முன்வந்தான்.

மருமகள் எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாளைக்குப் போய் என்ன சொல்வாள்? லேப்டாப் சரியில்லை மேடம் என்றா? சரியில்லாதது லேப்டாப்தான் என்று அவர் நம்புவாரா? அந்தப் பையன் உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது அவளுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அவள் திரும்பவும் கரண்ட் பில் கட்ட வேண்டியதுதான். இந்த முறை விட்டால் இன்னொரு முறை வராது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பயமாக இருந்தது.

பயம் கொஞ்ச நேரம்தான். அதன் பின்னாலேயே ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும், பிறவிக் குணம் அது. கம்பளம் அடைத்துக்கொண்டிருந்தபோதே அரை மணி நேரம் தாங்கியது. அடைப்பை எடுத்து, புது ஃபேன் போட்ட பிறகு மூன்று நிமிடம். போர்டு வயதாகிச் சாகிறதென்றால் இன்றைக்குக் காலையில்தான் சாக வேண்டுமா? நாம் மாற்றிய எதிலோதான் கோளாறு.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அடிமூடியைக் கழற்றி, லேப்டாப்பைப் பக்கவாட்டில் நிறுத்தி, அப்படியே ஓடவிட்டாள். ஃபேன் சுற்றியது, அதில் குறையில்லை. சிப்பின் ஓரத்தில் விரலைக் கொண்டுபோனாள், சுரீரென்றது. தாமிரக் குழாயைத் தொட்டாள். பச்சைத் தண்ணீரில் கிடந்தது மாதிரி இருந்தது.

"குழாய்ல சூடு ஏறவே இல்ல," என்றாள்.

"சிப்பு உங்க விரலைச் சுட்டுதே?" என்றான் கொழுந்தன்.

"சிப்பு கொதிக்குது. குழாய்க்கு வந்து சேரலை. நடுவுல என்னமோ நிக்குது."

அணைத்து, ஆறவிட்டு, நாலு திருகாணியையும் கழற்றித் தாமிரத் தகட்டைத் தூக்கினாள். திருப்பிப் பார்த்தாள். தகட்டின்மேல், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் படலம் சுருக்கம் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் உரிப்பதற்கு வசதியாகச் சின்னக் காதுகூட வைத்திருந்தார்கள்.

மருமகள் கணவனைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா இதை?"

"பாத்தேனே," என்றான் கணவன். "புதுசு. கீறல் விழுந்துடக் கூடாதுன்னு..." அதற்கு மேல் அவனுக்கே குரல் இறங்கிவிட்டது. "எதையும் தொடாதன்னு வேற சொன்ன."

சீல் உடையாத பொருளுக்குத்தான் மதிப்பு என்று வீடும் சொல்லி, தொழிலும் சொன்ன மனிதன். ஒரு நிமிடம் மருமகளுக்கு வந்த கோபத்தில் அந்த வீட்டு ரிமோட், சோபா, கடிகாரம் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் உரித்துப் போட்டிருப்பாள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அடக்க முடியாமல் சிரிப்பு பீறிட்டது. முதலில் அவள் சிரித்தாள், பிறகு மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். கணவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

"போர்டு போகலையா அப்போ?" என்றான் கொழுந்தன்.

"போகலை தம்பி. குளிர் காலம்னு நினைச்சு உங்க அண்ணன் போர்த்தி விட்டிருக்காரு."

படலத்தை உரித்தாள். பழைய பேஸ்டைத் துடைத்து, புதிதாக ஒரு பொட்டு வைத்து, தன் கையாலேயே முடுக்கினாள். மாடலைத் திறந்து, வீட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கும்படி விட்டுவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, மகள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகும் அது நடந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடு. ஃபேன் ஓடுவதே கேட்கவில்லை. கொழுந்தன் அன்று சாப்பாட்டுக்கு மட்டும்தான் வாயைத் திறந்தான்.

திங்கட்கிழமை காலை, இன்ஜினியரம்மாவின் அலுவலகம். இரண்டாம் மாடி. சுவரெல்லாம் சுருட்டி வைத்த வரைபடங்கள். பல் டாக்டர்கள் இருவரும் மேஜைக்கு அந்தப் பக்கம், தங்களுக்குள் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வருகிற வழியிலேயே சண்டை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்ததும் தெரிந்தது.

மருமகள் அவர்கள் கட்டப்போகும் வீட்டுக்குள் அவர்களைத் திரையில் அழைத்துப் போனாள். வாசல், கூடம், மாடிப்படி. திரை எங்கேயும் தயங்கவில்லை. சமையலறைக்கு வந்ததும் டாக்டரம்மா முன்னால் சாய்ந்தார்.

"ஜன்னலை இந்தச் சுவருக்குக் கொண்டு வரணும்னு நான் எத்தனை தடவை சொல்றேன்."

"அங்க வச்சா தெரு தெரியாது," என்றார் டாக்டர்.

"எனக்குச் சமைக்கறப்ப வெளிச்சம் வேணும், தெரு எதுக்கு?"

இன்ஜினியரம்மா பழக்கதோஷத்தில், "மாத்திப் போட்டு நாளைக்கு அனுப்பறோம்..." என்று ஆரம்பித்தார். ஆரம்பிக்கும்போதே மருமகள் ஜன்னல் படம் போட்ட விசையைத் தட்டிவிட்டாள். ஜன்னல் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போயிற்று. சூரியன் படம் போட்ட விசையைத் தட்டினாள். காலை வெயில் சரிந்து வந்து அடுப்பு மேடைமேல் மஞ்சளாக விழுந்தது. நேரத்தை நகர்த்தினாள், வெயிலும் மேடையோரமாக மெல்ல நகர்ந்துபோயிற்று.

டாக்டரம்மா கணவரைப் பார்த்தார். டாக்டர் திரையைப் பார்த்தபடியே, "தெரு கூடத்துலேருந்தே தெரியுதே," என்றார்.

அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. குளியலறைக் கதவு, பரண், அலமாரி என்று கேட்டுக்கொண்டே போனார்கள். கேட்கக் கேட்க மருமகள் மாற்றினாள். மறந்துபோயிருக்குமோ என்று அவள் பயந்த வேலை விரல்நுனியில் அப்படியே இருந்தது. சொல்லப்போனால் முன்பைவிட வேகமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷம் ஒரு வேலையில் இருக்கிறதென்பதைத்தான் அவள் மறந்திருந்தாள்.

அவர்கள் கை குலுக்கிவிட்டுப் போன பிறகு இன்ஜினியரம்மா லேப்டாப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"எங்க ஆபீஸ் மெஷின்ல இந்த ஜன்னல் நகர்றதுக்குள்ள அவங்க விவாகரத்தே பண்ணியிருப்பாங்க. எந்தக் கடையில வாங்கினீங்க?"

"பழசு மேடம். நானே பிரிச்சு மாத்தினது."

"நீங்களேவா?"

இதே கேள்வியைப் போன வாரம் வேறொருவன் சிரித்துக்கொண்டு கேட்டிருந்தான். இந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"நாளைலேருந்து வந்துடறீங்களா? எங்களுக்கு ஒம்பது மணி."

வழியெல்லாம் மருமகள் ஒன்றைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். என்ன கேட்டாலும் சரி மேடம் என்று சொல்லிவிட வேண்டும். எந்த நேரமானாலும், எவ்வளவு தூரமானாலும் சரி மேடம். இப்போது வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"ஒம்பதரைக்குத்தான் வர முடியும் மேடம். பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு வரணும். சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பிடுவேன். மிச்ச வேலையை வீட்டுல முடிச்சு அனுப்பிடுவேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இன்ஜினியரம்மாவின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

இன்ஜினியரம்மா மேஜைமேல் இருந்த போனை எடுத்தார்.

"ஒம்பதரைக்கே வாங்க," என்றார். "இருங்க, அந்தப் பையனுக்கு வேற இடம் பாத்துக்கச் சொல்லிடறேன்."

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் மருமகளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். வேலை கேட்கப் போனவள், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.